முதியோர் இல்லங்களில் தசை இழப்பு: சிலருக்கு மட்டும் ஏன் இவ்வளவு தீவிரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இயன்முறை மருத்துவர். பல ஆண்டுகளாக முதியோர் இல்லங்களுக்குச் சென்று வருகிறேன். பெற்றோரைப் பார்க்க வரும் மகனும் மகளும், இல்லத்தில் வேலை செய்யும் பராமரிப்பாளர்களும் ஒரே மாதிரியான சில கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். வராந்தாவில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில்கள் அல்ல அவை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

வயதானால் உடம்பு மெலிவது இயற்கைதானே? இதற்கு ஏன் ஒரு நோய்ப் பெயர்?

ஓரளவுக்கு இயற்கைதான். முப்பது வயதைத் தாண்டியதிலிருந்தே தசை மெல்லக் குறையத் தொடங்குகிறது. அறுபதுக்கு மேல் அந்த வேகம் கூடுகிறது. எழுபதுகளில் தசையின் அளவு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் குறைந்தால், வலு அதைப்போல் மூன்று மடங்கு குறைகிறது. தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புகளும் கூடவே அழிவதுதான் காரணம். அதிலும் விசையாக இயங்கும் தசை இழைகள் முதலில் போகின்றன. கால் தடுக்கியதும் சட்டென்று ஊன்றி நிற்க வைப்பவை அவைதான்.

இந்த இழப்பு ஓர் எல்லையைத் தாண்டும்போது அதைச் 'சார்கோபீனியா' என்கிறார்கள். சதை, வறுமை என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 1989-இல் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பர்க் வைத்த பெயர் அது. சதைக்கு வந்த வறுமை என்று சொல்லலாம். 2016-இல் அமெரிக்க மருத்துவமனைகளின் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி எண் கிடைத்தது. பெயர் இருப்பதால் என்ன லாபம் என்றால், 'வயசாயிடுச்சு' என்ற ஒரே சொல்லில் பேச்சை முடித்துவிட முடியாது. காரணம் தேட வேண்டியிருக்கும்.

லேசானது, தீவிரமானது என்று எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள்: வலு, தசையின் அளவு, நடமாட்டம். ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019-இல் வகுத்த அளவுகள் நம் ஊர் உடம்புக்கு ஓரளவு பொருந்தும். கைப்பிடிக் கருவியை இறுக்கிப் பிடிக்கச் சொன்னால் ஆண்கள் 28 கிலோவுக்கும் பெண்கள் 18 கிலோவுக்கும் குறைவாகக் காட்டினால் வலு குறைவு. இயல்பான நடையில் ஒரு விநாடிக்கு ஒரு மீட்டர்கூடக் கடக்க முடியாவிட்டால், அல்லது நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் நடமாட்டம் குறைவு. தசையின் அளவை ஸ்கேன் அல்லது மின்தடைக் கருவியால் அளக்கிறார்கள்.

தசை குறைந்து, அதனுடன் வலுவோ நடமாட்டமோ ஏதாவது ஒன்று குறைந்திருந்தால் அது சார்கோபீனியா. மூன்றும் சேர்ந்து குறைந்தால் தீவிர நிலை. தீவிரம் என்று வந்துவிட்டால் விழுதல், எலும்பு முறிவு, நிமோனியா, படுக்கைப் புண் எல்லாம் அருகில் வந்து நிற்கின்றன.

எங்கள் இல்லத்தில் அந்தக் கருவிகள் எதுவும் இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

தையல்காரரின் அளவு நாடா ஒன்று போதும். முதியவரை உட்கார வைத்து, முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றச் சொல்லுங்கள். கெண்டைக்கால் எங்கே அதிகமாகப் பருத்திருக்கிறதோ அங்கே நாடாவை இறுக்காமல் சுற்றி அளங்கள். ஆணுக்கு 34 செ.மீ., பெண்ணுக்கு 33 செ.மீ. என்பதற்குக் கீழே இருந்தால் சந்தேகப்பட வேண்டும். இதயம், சிறுநீரகம் அல்லது யானைக்கால் நோயால் கால் வீங்கியிருந்தால் இந்த அளவு ஏமாற்றிவிடும். அவர்களுக்கு வேறு வழியில்தான் பார்க்க வேண்டும்.

அதோடு ஐந்து கேள்விகள். நாலைந்து கிலோ எடையைத் தூக்க முடிகிறதா? அறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க முடிகிறதா? நாற்காலியிலிருந்தோ கட்டிலிலிருந்தோ எழ முடிகிறதா? பத்துப் படிகள் ஏற முடிகிறதா? கடந்த ஓராண்டில் எத்தனை முறை விழுந்தார்? ஒவ்வொன்றுக்கும் சிரமம் கூடக் கூட 0, 1, 2 என்று மதிப்பெண். கூட்டினால் நான்கோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதற்குச் 'சார்க்-எஃப்' என்று பெயர்.

நான் எந்த இல்லத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது எடைக் குறிப்பேட்டைத்தான். மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதியிருந்தால், யார் கரைந்துகொண்டிருக்கிறார் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். பல இடங்களில் எடைக் கருவி அலமாரிக்கு மேல் தூசி படிந்து கிடக்கிறது.

வீட்டில் இருக்கும் முதியவர்களைவிட இல்லத்தில் இருப்பவர்களுக்கு இது அதிகமா?

அதிகம்தான். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான ஒரு கணக்கு, பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்களில் சுமார் 41 சதவீதம் பேருக்குச் சார்கோபீனியா இருப்பதாகச் சொன்னது. பத்தில் நான்கு பேர்.

இதற்காக எல்லாப் பழியையும் இல்லத்தின் மீது போட முடியாது. பக்கவாதம் வந்தவர், இடுப்பெலும்பு முறிந்தவர், மறதி நோய் முற்றியவர் என்று ஏற்கெனவே தளர்ந்தவர்கள்தான் பெரும்பாலும் அங்கே வந்து சேர்கிறார்கள். ஆனால் வந்தபின் நடப்பதையும் பார்க்க வேண்டும். வீட்டில் இருந்தவரை அந்த அம்மா வாசல் தெளித்திருப்பார், கொல்லைக்குப் போயிருப்பார், கீரை ஆய்ந்திருப்பார், பேரனைத் திட்டிக்கொண்டே பின்னால் நடந்திருப்பார். இல்லத்தில் கட்டிலிலிருந்து சாப்பாட்டு மேசை, மேசையிலிருந்து தொலைக்காட்சி, மறுபடி கட்டில். உடம்பு எதற்குப் பயன்படுகிறதோ அதற்கான தசையை மட்டும்தான் வைத்துக்கொள்கிறது.

ஒரே இல்லம், ஒரே சாப்பாடு, ஏறக்குறைய ஒரே வயது. ஒருவர் நடக்கிறார், பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் எழவே முடியாமல் கிடக்கிறார். வித்தியாசம் எங்கே?

முதலில் வருவது ஊட்டக்குறைவு. மேலே சொன்ன தொகுப்பு ஆய்விலும் தசை இழப்போடு உறுதியாகச் சேர்ந்து வந்தது அதுதான். இத்தாலியில் 122 இல்லவாசிகளைப் பரிசோதித்து 2012-இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. அவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சார்கோபீனியா. பக்கவாதம் போன்ற மூளை ரத்தக்குழாய் நோய் இருந்தவர்களுக்கும் மூட்டுத் தேய்மானம் இருந்தவர்களுக்கும் அது அதிகமாக இருந்தது. உடல் நிறைக் குறியீடு (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 21-க்கு மேல் இருந்தவர்களுக்கும், தினமும் ஒரு மணி நேரமாவது உடலை அசைத்து ஏதாவது செய்தவர்களுக்கும் குறைவாக இருந்தது.

இந்த மாதிரி ஆய்வுகளைப் படிக்கும்போது ஒரு கவனம் தேவை. எது முந்தி, எது பிந்தி என்று இவை சொல்வதில்லை. அசையாததால் தசை போனதா, தசை போனதால் அசைய முடியவில்லையா? என் அனுபவத்தில் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகின்றன. முழங்கால் வலி என்று உட்காருகிறார். உட்கார்ந்தே இருப்பதால் பசி குறைகிறது. பசி இல்லாததால் அரைத் தட்டோடு எழுகிறார். தொடை மெலிகிறது. மெலிந்த தொடையால் முழங்காலைத் தாங்க முடியாமல் வலி கூடுகிறது. இந்தச் சக்கரத்தை எங்கே பிடித்து நிறுத்தினாலும் பலன் உண்டு.

இல்லத்தில் மூன்று வேளையும் வயிறு நிறையத்தான் போடுகிறார்கள். பிறகு எப்படி ஊட்டக்குறைவு?

வயிறு நிறைவது அரிசியால். தசைக்கு வேண்டியது புரதம். ஒரு சைவ இல்லத்தில் ஒரு நாள் சாப்பாட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

காலையில் மூன்று இட்லி, ஐந்தாறு கிராம் புரதம். தண்ணீராக ஓடும் சாம்பாரில் இரண்டு கிராம் இருந்தால் அதிகம். காபியில் ஊற்றிய பாலில் இரண்டு கிராம். மதியம் சோற்றில் ஆறு, சாம்பாரிலும் பொரியலிலும் ஐந்து, மோரில் இரண்டு. சாயங்காலம் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் சேர்ந்து இரண்டு. இரவு உப்புமாவோ கஞ்சியோ ஐந்து. கூட்டினால் முப்பது கிராம் வரும்.

எவ்வளவு வேண்டும்? ஆரோக்கியமான பெரியவருக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்தது. முதியவர்களுக்கு அது போதாது என்பதே முதியோர் மருத்துவ நிபுணர்கள் பலரின் கருத்து. கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம், நோய்ப்பட்டுத் தேறுகிறவர்களுக்கு 1.5 வரை என்கிறார்கள். ஐம்பது கிலோ எடையுள்ள பாட்டிக்கு ஐம்பதிலிருந்து அறுபது கிராம். கிடைப்பது அதில் பாதிதான்.

இன்னொன்றும் இருக்கிறது. இளைஞரின் தசை கொஞ்சம் புரதம் வந்தாலும் வளர்ச்சி வேலையைத் தொடங்கிவிடும். வயதான தசைக்குக் காது மந்தம் மாதிரி. ஒரே வேளையில் 25, 30 கிராம் சேர்ந்து வந்தால்தான் விழித்துக்கொள்ளும். வேளைக்கு எட்டும் பத்துமாகச் சிதறிப் போனால் அது கண்டுகொள்வதில்லை.

இதைச் சரிசெய்ய விலை உயர்ந்த சத்துப் பவுடர் டின் எதுவும் வேண்டியதில்லை. ஒரு முட்டை ஆறு கிராம். ஒரு டம்ளர் பால் ஆறு கிராம். சாயங்கால பிஸ்கட்டை நிறுத்திவிட்டு நன்றாக வெந்த கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணம் கொடுத்தால் ஏழு கிராம். மதியம் பருப்பைக் கெட்டியாகக் கடைந்து ஊற்றினால் இன்னும் ஏழு. முப்பது என்று இருந்தது ஐம்பத்தைந்தை ஒட்டி வந்துவிடும். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மீன் கிடைத்தால் இன்னும் எளிது, 100 கிராம் மீனில் இருபது கிராம் அளவுக்குப் புரதம் இருக்கும். சிறுநீரக நோய் இருப்பவர்களுக்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள்.

இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்பதையும் விசாரியுங்கள். சமையல்காரர் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக ஆறரைக்கே முடித்துவிடும் இல்லங்கள் உண்டு. மறுநாள் காலைச் சாப்பாடு எட்டரைக்கு என்றால் நடுவில் பதினான்கு மணி நேரம். அவ்வளவு நேரப் பட்டினியில் உடம்பு தன் தசையையே உடைத்துச் செலவு செய்கிறது. படுக்கப் போகும் முன் ஒரு டம்ளர் பால் கொடுப்பது அவ்வளவு பெரிய வேலை இல்லை.

அப்பாவுக்குச் சுண்டல் கொடுத்தால் அப்படியே வைத்துவிடுகிறார். அடம் என்று நினைக்கிறோம்.

வாயைத் திறந்து பார்த்தீர்களா? பல் இல்லாதவர், பல்செட் கழன்று ஆடுகிறவர், ஈறு புண்ணானவர் யாராக இருந்தாலும் முதலில் ஒதுக்குவது பயறு, கொட்டை, இறைச்சி இவற்றைத்தான். மெல்ல வேண்டிய அவசியம் இல்லாத ரசம் சாதமும் தயிர் சாதமும் மட்டும் உள்ளே போகும். எடை குறைந்தால் ஈறும் மெலிந்து பழைய பல்செட் பொருந்தாமல் போவது உண்டு. விழுங்கும்போது அடிக்கடி இருமல் வந்தால் அதையும் சொல்லுங்கள். தொண்டையில் இருப்பதும் தசைதான், அதுவும் தளரும்.

பாசிப்பயறைக் குழைய வேகவைத்துக் கடைந்து கொடுக்கலாம். பொட்டுக்கடலை மாவைப் பாலில் கலந்து கொடுக்கலாம். முட்டையை அவித்து அப்படியே தராமல் சோற்றோடு பிசைந்து கொடுத்தால் பல் இல்லாதவரும் சாப்பிடுவார்.

ஆண்களுக்கு அதிகமா, பெண்களுக்கா?

ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. இத்தாலிய ஆய்வில் ஆண்களுக்கு மிக அதிகமாக இருந்தது. பெண்களுக்குத் தொடக்கத்திலிருந்தே தசை குறைவு என்பதால் கொஞ்சம் இழந்தாலும் நடமாட்டம் சீக்கிரம் பாதிக்கப்படும். எந்தப் பக்கம் கூடுதல் என்று தேடுவதைவிட, இருவரையும் அளந்து பார்ப்பது நல்லது.

அம்மா குண்டாக இருக்கிறார். அவருக்கு இந்தக் கவலை இல்லைதானே?

இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். கொழுப்பு தசையின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, எடைக் கருவியில் எந்த மாற்றமும் காட்டாமல் இருக்கும். உடம்பு பெரிது, அதைத் தூக்கும் தசை சிறிது. மெலிந்தவரைவிட இவர் எழுந்து நிற்பது கடினம். இவருக்குச் சாப்பாட்டை அடியோடு குறைத்து எடையை இறக்கப் பார்த்தால் கொழுப்போடு இருக்கிற தசையும் போய்விடும். பயிற்சி இல்லாமல் பட்டினி போடாதீர்கள்.

சர்க்கரை நோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, நெருங்கிய தொடர்பு. நாம் சாப்பிடும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிச் செலவழிப்பது தசைதான். தசை குறைந்தால் சர்க்கரை கட்டுக்குள் நிற்காது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் தசையும் நரம்பும் கெடும். நம் இல்லங்களில் சர்க்கரை நோயாளிகளுக்கு இது வேண்டாம், அது வேண்டாம் என்று கழித்துக் கழித்து, கடைசியில் இரண்டு சப்பாத்தியும் கொஞ்சம் காயும் மட்டும் மிஞ்சுகின்றன. சர்க்கரையைக் குறைக்கும்போதே பருப்பும் பாலும் முட்டையும் கூட வேண்டும் என்பதை யாரும் சமையலறையில் எழுதி ஒட்டுவதில்லை.

சாப்பிடும் மாத்திரைகளால் தசை போகுமா?

சிலவற்றால் போகும். ஆஸ்துமாவுக்கோ மூட்டு வீக்கத்துக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டால் தொடை, தோள் தசைகள் நேரடியாகவே மெலியும். தூக்க மாத்திரையும் மனக் கிளர்ச்சியை அடக்கும் மாத்திரையும் பகலில் மயக்கத்தை நீட்டித்து நடமாட்டத்தைக் குறைக்கும். கொழுப்புக்கான ஸ்டாட்டின் சிலருக்குத் தசை வலி தரும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் நெடுங்காலம் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், நரம்பு தளரும். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் ஐந்துக்கு மேல் மாத்திரை சாப்பிடுகிறவரின் சீட்டை ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரே மருத்துவர் முழுதாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொருவர் எழுதிய சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகின்றன, கழிப்பவர் யாரும் இல்லை.

காய்ச்சலுக்கு ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்தார். போகும்போது நடந்து போனவர், தூக்கிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. ஒரு வாரத்தில் அப்படி ஆகுமா?

ஆகும். 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், சராசரியாக 67 வயதுடைய ஆரோக்கியமான பன்னிரண்டு பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். நோய் எதுவும் இல்லை, சாப்பாடும் ஒழுங்கு. ஆனாலும் பத்து நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போய்விட்டது. அப்படியானால் எண்பத்தைந்து வயதில், காய்ச்சலோடு, டிரிப்ஸ் மட்டும் ஏறிக்கொண்டிருந்த உங்கள் அப்பாவுக்கு எவ்வளவு போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே மருத்துவமனையிலிருந்து திரும்பும் முதல் இரண்டு மூன்று வாரங்கள் மிக முக்கியம். 'கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும்' என்று அன்போடு சொல்வார்கள். எலும்பு முறிவோ மூச்சுத்திணறலோ போல மருத்துவர் தடுத்த காரணம் ஏதும் இல்லாவிட்டால், மறுநாளே கட்டில் ஓரத்தில் உட்கார வையுங்கள், அடுத்த நாள் நிற்க வையுங்கள்.

நடக்க விட்டால் விழுந்துவிடுவார். உட்கார வைப்பதுதானே பாதுகாப்பு?

இந்தப் பக்கத்தில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இந்தப் பதிலைத்தான்.

விழுந்துவிடுவார் என்று உட்கார வைக்கிறோம். உட்கார்ந்தே இருப்பதால் கால் சூம்புகிறது. பிறகு ஒருநாள் குளியலறைக்குத் தானாக எழுந்து போகும்போது உண்மையிலேயே விழுகிறார். விழுந்ததைக் காட்டி இன்னும் இறுக்கமாக உட்கார வைக்கிறோம். பராமரிப்பாளர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. பன்னிரண்டு முதியவர்களுக்கு ஒரு ஆயா இருக்கும் இடத்தில், யாராவது விழுந்தால் மகன் வந்து சத்தம் போடுவார். யாராவது உட்கார்ந்தே தேய்ந்து போனால் யாரும் கேட்பதில்லை.

டயப்பரும் அப்படித்தான். சிறுநீரை அடக்கத் தெரிந்தவருக்கும் இரவு வேலை குறையட்டும் என்று மாட்டிவிடுகிறார்கள். ஒருவர் கழிப்பறைக்கு நாளைக்கு ஆறேழு முறை எழுந்து போய் வருகிறார் என்றால், அது ஆறேழு முறை நாற்காலிப் பயிற்சி, ஆறேழு முறை நடைப் பயிற்சி. டயப்பர் அத்தனையையும் ஒரே நாளில் நிறுத்திவிடுகிறது. சோறு ஊட்டுவது, சட்டை போட்டுவிடுவது, கையைப் பிடித்துத் தூக்கிவிடுவது எல்லாமே அன்பினால் செய்வதுதான். அவராகச் செய்தால் கால் மணி நேரம் ஆகும், நாம் செய்தால் இரண்டு நிமிடம். அந்தக் கால் மணி நேரம்தான் அவருடைய தசைக்கு அன்றைக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலை.

ஓர் இல்லத்தில் எல்லா முதியவர்களையும் தாழ்ந்த, கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார வைத்திருந்தார்கள். யாராலும் தானாக எழ முடியவில்லை. கைப்பிடி உள்ள, கொஞ்சம் உயரமான மர நாற்காலிகளைப் போட்ட பிறகு சிலர் அந்த வாரமே துணையில்லாமல் எழுந்தார்கள். தீவிர நிலை என்று நாம் முத்திரை குத்தும் சிலரிடம் குறை காலில் பாதி, நாற்காலியில் பாதி.

மனச்சோர்வு இதில் எங்கே வருகிறது?

எல்லா இடத்திலும் வருகிறது. மனம் சோர்ந்தவர் சாப்பிடுவதில்லை, எழுவதில்லை, பயிற்சிக்குக் கூப்பிட்டால் 'யாருக்காக?' என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பயிற்சிமுறை எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பேத்தி வருவாள் என்று தெரிந்தால் சனிக்கிழமையே வாசல்வரை நடந்து பார்த்துக்கொள்கிறவர்களை அறிவேன். மறதி நோய் உள்ளவர்களுக்குப் பசியும் தாகமும்கூட மறந்துபோகும். தட்டை முன்னால் வைத்துவிட்டுப் போனால் அப்படியே இருக்கும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து தானும் சாப்பிட்டால் அவரும் சாப்பிடுவார்.

தொண்ணூறு வயதில் பயிற்சி செய்து என்ன ஆகப்போகிறது?

இதற்கான பதில் கிடைத்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. அது இல்லத்தில் இருந்த முதியவர்களிடமிருந்தே கிடைத்த பதில். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் மருத்துவர் மரியா ஃபியாடரோன் குழுவினர், தொண்ணூறு வயதை ஒட்டிய, தளர்ந்துபோன பத்துப் பேருக்குக் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களால் தூக்க முடிந்த அதிகபட்ச எடையில் எண்பது சதவீதம் வரை தூக்க வைத்தார்கள். எட்டு வாரத்தில் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசை 9 சதவீதம் பருத்தது. 1990-இல் இந்த முடிவு வெளியானது. பயிற்சியை நிறுத்தியதும் நான்கே வாரத்தில் சேர்த்த வலு இறங்கத் தொடங்கியதையும் அவர்கள் பதிவு செய்தார்கள். விட்டுவிட்டுச் செய்தால் நிற்காது என்று அதற்குப் பொருள்.

1994-இல் அதே குழு நூறு பேரை வைத்து மீண்டும் செய்தது. சராசரி வயது 87. பத்து வாரப் பயிற்சியில் வலு 113 சதவீதமும், படியேறும் திறன் 28 சதவீதமும் கூடின. நடை வேகமும் கூடியது.

பயிற்சி சிரமம். சத்துப் பவுடர் மட்டும் கொடுத்தால் போதாதா?

பாஸ்டனில் அந்த நூறு பேரில் ஒரு பகுதியினருக்குச் சத்துப் பானமும் கொடுத்துப் பார்த்தார்கள். பானத்தை மட்டும் குடித்துப் பயிற்சி செய்யாதவர்களுக்கு வலு கூடவில்லை. பயிற்சியோடு குடித்தவர்களுக்குத்தான் மொத்தச் சாப்பாட்டின் அளவே கூடியது. உழைத்தால் பசிக்கிறது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது நினைவுக்கு வருகிறது. ஊட்டக்குறைவு உள்ளவருக்குப் பவுடர் உதவும், வாங்கலாம். அதை வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

என்ன பயிற்சி, எவ்வளவு?

நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது. உட்கார்ந்தபடியே கணுக்காலில் மணல் பை கட்டி முழங்காலை நீட்டுவது. தண்ணீர் நிரப்பிய அரை லிட்டர் பாட்டிலைத் தோள் உயரத்துக்குத் தூக்குவது. ஒவ்வொன்றும் எட்டிலிருந்து பத்து முறை, இரண்டு சுற்று, வாரத்தில் இரண்டு மூன்று நாள். கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். கஷ்டமே இல்லையென்றால் எடையைக் கூட்ட வேண்டும்.

பல இல்லங்களில் காலையில் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்துக் கைதட்டச் சொல்கிறார்கள். மனதுக்கு நல்லது, செய்யட்டும். அதனால் தொடையில் வலு ஏறாது. நெஞ்சு வலி, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், அண்மையில் அறுவைச் சிகிச்சை இருந்தால் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குங்கள்.

வெயில் கொளுத்தும் ஊரில் வைட்டமின் டி குறையுமா?

வெயில் ஊரில் இருக்கிறது, முதியவர் அறைக்குள் இருக்கிறார். பரிசோதித்துக் குறைவு தெரிந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் எடுத்துக்கொள்ளட்டும்.

அம்மாவை இல்லத்தில் சேர்க்கப் போகிறோம். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

தரை பளபளப்பையும் வாசல் தோட்டத்தையும் பார்த்து மயங்காதீர்கள். பகல் பதினொரு மணிக்குப் போங்கள். எத்தனை பேர் கட்டிலில் இருக்கிறார்கள், எத்தனை பேர் நடமாடுகிறார்கள் என்று எண்ணுங்கள். நடைபாதையில் கைப்பிடிக் கம்பி இருக்கிறதா, நாற்காலிக்குக் கை இருக்கிறதா, எடைக் குறிப்பேடு இருக்கிறதா? வாரத்துக்கு எத்தனை முட்டை, எத்தனை நாள் சுண்டல் என்று சமையலறையில் கேளுங்கள். பகலில் எத்தனை பேருக்கு டயப்பர் போடுகிறீர்கள் என்று கேளுங்கள். நிர்வாகி முகம் சுளித்தாலும் கேளுங்கள். சேர்த்தபின், 'அம்மா தானாக நடக்கும்போது விழுந்தாலும் உங்கள் மீது பழி சொல்ல மாட்டோம், நடக்க விடுங்கள்' என்று எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு தாள் பல இடங்களில் நிலைமையை மாற்றியிருக்கிறது.

எந்த மருத்துவரிடம் காட்டுவது?

முதியோர் நல மருத்துவர் என்று தனிப் பிரிவே இருக்கிறது. நாட்டில் இதற்கான முதல் பட்ட மேற்படிப்பு 1996-இல் தொடங்கியது சென்னை மருத்துவக் கல்லூரியில்தான். அங்கே 1978-இலேயே முதியோருக்கெனப் புறநோயாளிகள் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் வி. எஸ். நடராஜன். சென்னை கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. முதியவர் வீட்டிலேயே இருக்கிறார் என்றால், தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வரும். வட்டாரச் சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

முழுதாகப் படுக்கையாகிவிட்டார். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

நடக்க வைப்பதாக வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தானாகத் திரும்புவது, தலையணையில் சாய்ந்து உட்காருவது, டம்ளரைத் தானே பிடித்துக் குடிப்பது இவையும் தசையின் வேலைதான். முழங்காலை மடக்கிப் பாதத்தை ஊன்றி இடுப்பை ஓரங்குலம் தூக்கச் சொல்லுங்கள். நாளைக்கு ஐந்து முறை போதும். இடுப்பைத் தூக்க முடிந்தால் துணி மாற்றுவது எளிது, படுக்கைப் புண் வரும் வாய்ப்பும் குறையும். நான் பார்த்துவந்த பாட்டி ஒருவருக்கு அந்த ஓரங்குலத்துக்கு ஆறு வாரம் ஆயிற்று. ஏழாவது வாரம் கட்டில் ஓரத்தில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, காபியைத் தன் கையாலேயே ஆற்றிக் குடித்தார்.